மேல்நோக்கி ஓடும் இரத்தம்

ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்போது, அவருடைய ஹிருதயத்திலிருந்து கணுக்கால் வரையில் ஏறத்தாழ நாலடி ஆழத்துக்குச் சிரைகளில் இரத்தம் இடைவிடாமல் நிரம்பி நிற்கிறது. அவ்வளவு இரத்தத்தின் பாரமும் கணுக்காலை ஒட்டித் தோலுக்கடியில் ஓடும் மெல்லிய குழாய்களின்மேல் இறங்குவதால், அங்கே 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச உயரத்துக்குச் சமமான அழுத்தம் உண்டாகிறது. ஹிருதயம் தமனிகளின் வழியாக இரத்தத்தைப் பாதம் வரையில் செலுத்திவிடுகிறது. ஆனால் நுண்குழாய்களில் புகுந்து வேகத்தையெல்லாம் இழந்துவிட்ட அந்த இரத்தத்தை மறுபடி மேலே ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் கெண்டைக்கால் தசையே செய்கிறது. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தத் தசை சுருங்கி, தனக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை தளர்ந்ததும் அது கீழே இறங்கிவிடாதபடி, சிரையின் உட்புறத்தில் இரண்டிரண்டு இதழ்களாக அமைந்துள்ள வால்வுகள் மூடிக்கொள்கின்றன. ஆரோக்கியமான காலில், நடக்கத் தொடங்கிச் சில அடிகள் வைப்பதற்குள் கணுக்காலின் சிரை அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த வால்வுகளை விரிவாக வருணித்து 1603-ல் நூல் வெளியிட்டவர் இத்தாலியில் பாதுவா சர்வகலாசாலையின் ஆசிரியராக விளங்கிய பாப்ரீசியஸ். ஆயினும் இரத்தம் கைகால்களில் அளவுக்கு மீறிப் பாய்ந்து தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைப்பதே அவற்றின் பயன் என்று அவர் எண்ணினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி, 1628-ல் வெளியான தம் நூலில், அவை இரத்தத்தை ஹிருதயத்தை நோக்கி மட்டுமே போகவிடுபவை என்பதை மறுக்க முடியாதபடி நிரூபித்தார். அவர் காட்டிய பரீட்சையை வாசகர்கள் தம் கையிலேயே செய்து பார்க்கலாம். மேற்கையில் ஒரு துணியை மிதமாக இறுக்கிக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைத்தெழும். அவற்றில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் போலத் தென்படும் இடங்களே வால்வுகள். ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி அடுத்த முடிச்சுக்கு அப்பால் வரையில் இரத்தத்தை வழித்துவிட்டு அந்த இரண்டாம் விரலை எடுத்துவிட்டால், இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலே உள்ள இரத்தம் வால்வைத் தாண்டி இறங்காது. அழுத்திய முதல் விரலை எடுத்த கணத்தில் கீழிருந்து இரத்தம் ஓடிவந்து அதை நிரப்பிவிடும்.

காலில் இந்த ஏற்பாடு கெட்டுப்போவதே ‘வெரிகோஸ் வெயின்’ என்று வைத்தியர்களும், ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று மற்றவர்களும் சொல்லும் நோய். காலின் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தசைகளுக்கிடையே உள்ள ஆழ்சிரைகளின் வழியாகவும், மீதி ஒரு பங்கு தோலுக்கடியில் உள்ள மேற்சிரைகளின் வழியாகவும் திரும்புகிறது. மேற்சிரைகளில் முக்கியமானது, உட்கணுக்காலின் முன்புறத்திலிருந்து புறப்பட்டுத் தொடையின் உட்பக்கமாக ஏறி, தொடையிடுக்கில் ஆழ்சிரையோடு கலக்கும் பெரிய சாபீனஸ் சிரை. அது கலக்கும் இடத்திலோ அதன் வழியிலோ உள்ள வால்வுகள் தளர்ந்து இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போனால், மேலே சென்ற இரத்தம் ஒவ்வொரு முறையும் கீழே வழிந்து, தன் பாரத்தால் அடுத்த பகுதியை விரித்து, அங்குள்ள வால்வையும் பயனற்றதாக்கி, நாளடைவில் அச்சிரையையும் அதன் கிளைகளையும் வீங்கி வளைந்து நெளியச் செய்கிறது. அந்நிலையில் நடந்தாலும் கணுக்காலின் அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. பின்னர் வரும் துன்பங்கள் அனைத்துக்கும் காரணம் இதுவே.

நோயாளிக்கு நான் முதலில் சொல்ல விரும்புவதும் இதை ஒட்டியதுதான். கண்ணுக்குத் தெரியும் புடைப்பு நோயின் விளைவேயன்றி அதன் மூலம் அன்று. மூலம் பெரும்பாலும் அதற்கு ஒரு முழம் மேலே, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கிறது. ஏரியின் மதகு பழுதாகிக் கசிந்துகொண்டிருக்கும்போது வயலில் தேங்கிய நீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு பயனோ, அவ்வளவே பயன், மேலே உள்ள கசிவைக் கண்டுபிடிக்காமல் கீழே புடைத்த கிளைகளுக்கு மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சையாலும்.

இந்நோய் யாருக்கு வருகிறது என்றால், முதற்காரணம் வம்சம். தாய் தந்தையர் இருவருக்கும் இருந்தால் மக்களுக்கு வரும் வாய்ப்பு மிக அதிகம். கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு பெருகுவதாலும், சுரப்புநீர்கள் சிரைச் சுவரைத் தளர்த்துவதாலும், வளரும் கர்ப்பப்பை இடுப்புச் சிரைகளை நெருக்குவதாலும் பல ஸ்திரீகளுக்கு அப்போதுதான் முதன்முதலாகச் சிரைகள் புடைக்கின்றன; பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் அவை பெரிதும் தணிந்துவிடுவதும் உண்டாகையால், கர்ப்ப காலத்தில் இதற்காக ரண சிகிச்சை செய்வதில்லை. வயதும் உடற்பருமனும் நோயை வளர்ப்பவை. இவற்றோடு, நாள் முழுவதும் அசையாமல் நிற்க வேண்டிய தொழில்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிற்பது மட்டுமே நோயை உண்டாக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வம்சத்தால் வால்வு பலவீனமான ஒருவரை நடக்கவும் விடாமல், உட்காரவும் விடாமல் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது, கெண்டைக்கால் தசையின் வேலையை நிறுத்திவிட்டு அழுத்தத்தை மட்டும் முழுமையாக வைத்திருப்பதாகும். துணிக்கடைகளில் சேலை விரித்துக் காட்டும் பெண்கள், சலூன்காரர்கள், டீ ஆற்றுகிறவர்கள், சாலைச் சந்திகளில் நிற்கும் போலீஸ்காரர்கள் முதலானோருடைய கால்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கடைகளில் பணிபுரிவோருக்கு உட்கார ஆசனம் அளிக்க வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 2021-லும் விதி செய்யப்பட்டது. எனினும் ஆசனம் போட்டிருப்பதும், வாடிக்கைக்காரர் இல்லாத வேளையில் அதில் உட்கார மேற்பார்வையாளர் அநுமதிப்பதும் வேறு வேறு காரியங்கள். இச்சட்டம் எழுத்தளவில் நின்றுவிடாமல் அமலாவதைப் பொது ஆரோக்கியத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

நோயின் படிகளை வைத்தியர்கள் பூஜ்யம் முதல் ஆறு வரை எண்ணிட்டு வகுத்திருக்கிறார்கள். சிலந்திவலை போல மெல்லிய நீலக்கோடுகள் தோன்றுவது முதற்படி. மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத குறுக்களவுள்ள புடைத்த சிரைகள் இரண்டாம் படி. மாலையில் கால் வீங்குவது மூன்றாம் படி. இவ்வளவில் நின்றுவிடும் நோயாளிகள் பலர். கனம், உளைச்சல், இரவில் கெண்டை பிடித்தல் ஆகியவற்றைத் தவிர அவர்களுக்கு வேறு தொல்லை இராது. அவசரமும் இல்லை. நான்காம் படியில்தான் நோய் தன் இயல்பைக் காட்டுகிறது. உட்கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்துப் பழுப்பேறி, அரிப்பெடுத்து, சில இடங்களில் மரத்துண்டைப்போல் கெட்டிப்படுகிறது. நுண்குழாய்களிலிருந்து அழுத்தம் தாளாமல் வெளியே கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிவதாலேயே அந்த நிறம் உண்டாகிறது. அதைத் தோல் வியாதியென்று கருதிக் களிம்பு மாற்றிக் களிம்பு தடவிக்கொண்டு வருஷங்களைப் போக்குகிறவர்கள் அநேகர். ஒரு நாள் ஓர் உராய்விலோ கொசுக்கடியைச் சொறிந்ததிலோ அந்தத் தோல் உடைந்து, ஆறாத புண் ஏற்படுகிறது. ஆறிய புண் ஐந்தாம் படி, ஆறாத புண் ஆறாம் படி.

இப்புண்ணைப் பலரும் சர்க்கரைப் புண் என்று எண்ணிவிடுகிறார்கள். நீரிழிவினால் வரும் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரல்களிலும் தோன்றும். சிரை நோயின் புண் உட்கணுக்காலுக்கு மேலே தோன்றும். சுற்றிலும் தோல் கறுத்திருக்கும். ஆழம் குறைவாயினும் அகலமாயிருக்கும். ஓயாமல் நீர் கசியும். இரண்டும் ஒரே காலில் இருக்கவும் கூடும் என்பதால் இறுதி முடிவை வைத்தியரிடமே விட வேண்டுமென்றாலும், இடத்தைக் கவனிப்பது நோயாளிக்கே எளிது. நம் பெண்கள் புடவைக்குள்ளும் ஆண்கள் வேட்டிக்குள்ளும் காலை மறைத்து வைத்துக்கொண்டு, புண்ணிலிருந்து நீர் வடியத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருவது மிகவும் வருந்தத் தக்கது.

பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். சிகிச்சையின் நன்மை தீமை பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. முற்காலத்தில் வைத்தியர்கள் நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திச் சிரைகளை வெறுமையாக்கி, தொடையில் ஒரு கட்டுப் போட்டு, எழுந்து நிற்கச் சொல்லி, கட்டை அவிழ்த்தவுடன் இரத்தம் மேலிருந்து பாய்ந்து நிரம்புகிறதா என்று பார்ப்பார்கள். ஜெர்மானிய ரண வைத்தியரான டிரெண்டலன்பர்க்கின் பெயரால் அது வழங்குகிறது. இன்று அதன் இடத்தை டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேன் பிடித்துக்கொண்டது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் எண்ணிக்கை மாறித் தோன்றும் என்று 1842-ல் பிராகு நகரில் நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி டாப்ளர் என்ற பௌதிக அறிஞர் சொன்ன தத்துவமே, காலில் இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத் திரையில் வண்ணமாகக் காட்டுகிறது. பரிசோதகர் நோயாளியை நிற்கவைத்து, பார்க்கும் காலில் பாரம் இல்லாமல் மற்றக் காலில் ஊன்றச் சொல்லி, தொடையிடுக்கில் களிம்பு தடவிக் கருவியை வைக்கிறார். மற்றொரு கையால் கெண்டைத் தசையை அழுத்திப் பிழிகிறார். திரையில் இரத்தம் ஒரு வண்ணத்தில் மேலே பாய்கிறது. கையை விட்டதும், நல்ல வால்வானால் ஓட்டம் உடனே நின்றுவிடும். கெட்ட வால்வானால் மறுவண்ணம் தோன்றி, இரத்தம் கீழே இறங்குவது கண்முன்னே தெரியும். மேற்சிரையில் அந்தப் பின்னோட்டம் அரை விநாடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுதென்று கொள்வர். இப்படியே கணுக்கால் வரையில் பெரியதும் சிறியதுமான இரு சாபீனஸ் சிரைகளையும், மேற்சிரைகளை ஆழ்சிரைகளோடு இணைக்கும் துளைச்சிரைகளையும், ஆழ்சிரைகளில் பழைய இரத்தக்கட்டு ஏதேனும் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது; ஆழ்சிரை அடைபட்டுப் போனவருக்குப் புடைத்த மேற்சிரையே இரத்தம் திரும்பும் மாற்று வழியாக இருக்கக்கூடும். ஆகவே, காலைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடத்தில் நோயாளி அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளலாகாது. பரிசோதனை நின்ற நிலையில் நடந்ததா, பின்னோட்டம் எங்கே தொடங்குகிறது, ஆழ்சிரைகள் நன்றாயிருக்கின்றனவா என்று கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

சிகிச்சையின் வரலாறு வேதனை மிகுந்தது. ஏழு முறை ரோமாபுரியின் கான்சல் பதவி வகித்த மாரியஸ், தம்மைக் கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு காலின் புடைத்த சிரைகளை வைத்தியர் வெட்டி எடுக்கும்வரை முனகாமல் இருந்தார் என்றும், மற்றக் காலை நீட்டச் சொன்னபோது, குணமாவதால் வரும் நன்மை இந்த வேதனைக்கு ஈடாகாது என்று மறுத்துவிட்டார் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். மூலத்தை அடைக்க வேண்டும் என்ற கருத்துக்கு உருவம் கொடுத்தவர் டிரெண்டலன்பர்க். தொடையில் சாபீனஸ் சிரையைக் கட்டிவிடும் முறையை அவர் 1891-ல் வெளியிட்டார். 1905 முதல் 1907 வரையில் அமெரிக்க ரண வைத்தியர்களான கெல்லரும் மேயோவும் பாப்காக்கும் அச்சிரையைக் கம்பி முதலிய கருவிகளால் உருவி எடுக்கும் வழிகளை வகுத்தார்கள். பின்வந்த தொண்ணூறு ஆண்டுகளுக்கு அதுவே பெருவழக்காக இருந்தது. இன்றும் அது பயனுள்ள சிகிச்சைதான்.

இப்போது நடப்பது வேறு விதம். சிரையை வெளியே எடுக்காமல், உள்ளே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, வெப்பத்தால் அதன் சுவரைச் சுருங்கச் செய்து நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். லேசர் ஒளியாலும் செய்யலாம், ரேடியோ அலைகளாலும் செய்யலாம். இரண்டுக்கும் பலனில் பெரிய வேறுபாடில்லை என்பதால், எது உயர்ந்தது என்ற விளம்பரங்களில் நோயாளி மனத்தைச் செலுத்த வேண்டியதில்லை. முழங்கால் அருகே ஊசித்துளையளவு வழி செய்து, குழாயைத் தொடையிடுக்குக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றி, சிரையைச் சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த உப்புநீரை ஸ்கேன் பார்த்தபடியே பல இடங்களில் செலுத்துகிறார்கள். நோயாளி உணரும் வலியில் பெரும்பகுதி இந்த ஊசிகளால் வருவதுதான். அந்த நீர் வலியை மரக்கச் செய்வதோடு, சிரையை நெருக்கிச் சுவரைக் கருவியோடு ஒட்டவைத்து, வெப்பம் அக்கம்பக்கத்துத் தசையையும் தோலையும் சுடாமல் தடுக்கிறது. ரேடியோ அலைக் கருவியின் நுனி 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, ஏழு சென்டிமீட்டர் நீளத்தை இருபது விநாடியில் அடைத்துவிட்டுக் கீழே நகர்கிறது. முடிந்தவுடன் நோயாளி எழுந்து நடக்க வேண்டும். நடப்பது ஆழ்சிரையில் இரத்தம் உறையாமல் காக்கும் உபாயம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிச் சில நாட்களில் வேலைக்குப் போகிறார்கள்.

மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் சிரைக்குள் ஏற்றி அதன் உட்சுவரைப் புண்படுத்தி ஒட்டச் செய்வது மற்றொரு முறை. செலவும் வலியும் இதில் குறைவு. ஆனால் பெரிய சிரை மறுபடி திறந்துகொள்வதும், ஊசி போட்ட வழியெங்கும் தோல் பழுப்பேறிச் சில மாதங்கள் நிற்பதும் அதிகம். பசையால் ஒட்டும் முறையும் வந்திருக்கிறது, அதற்கு மரப்பு ஊசிகள் பல தேவைப்படுவதில்லை, விலைதான் அதிகம். இங்கிலாந்தின் தேசிய வைத்திய வழிகாட்டிக் குழு 2013-ல், முதலில் வெப்ப முறை, அது பொருந்தாவிடில் நுரை, அதுவும் பொருந்தாவிடில் ரண சிகிச்சை என்று வரிசை செய்தது. நான் அறிந்தவரையில் அந்த வரிசை நியாயமானதே.

“அந்தச் சிரையை அடைத்துவிட்டால் இரத்தம் எந்த வழியாகப் போகும்?” என்ற கேள்வியை நோயாளிகள் கேட்காத நாள் இல்லை, கேட்பதும் சரியே. அச்சிரை ஏற்கெனவே இரத்தத்தை மேலே கொண்டுபோகவில்லை, கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அதை அடைத்ததும் அந்தப் பங்கையும் ஆரோக்கியமான ஆழ்சிரைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஹிருதயத்துக்கு பைபாஸ் செய்ய நேர்ந்தால் காலின் சிரை வேண்டாமா என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. வீங்கி நெளிந்த சிரை அதற்குப் பெரும்பாலும் உதவாது.

தீங்கே இல்லாத சிகிச்சை என்று எவரேனும் சொன்னால் நம்பலாகாது. சில வாரங்கள் கன்றிப்போதலும், சிரை சென்ற வழியில் கயிறு இழுப்பதுபோன்ற இறுக்கமும் பலருக்கு வரும். சிரையை ஒட்டி ஓடும் உணர்ச்சி நரம்பு பாதிக்கப்பட்டால் கணுக்கால் பக்கம் மரத்துப்போகும். பெரும்பாலும் அது நாளடைவில் தெளியும். ஆழ்சிரையில் இரத்தம் உறைவது அபூர்வமேயாயினும், கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறி மார்பு வலித்தாலோ, ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எம்முறையில் செய்தாலும், வருஷங்கள் கழித்து வேறு சிரைகள் புடைக்கக்கூடும்; வால்வு தளரும் சுபாவத்தைச் சிகிச்சை மாற்றுவதில்லை.

அழுத்தக் காலுறை நோயைத் தீர்ப்பதன்று. அணிந்திருக்கும்வரை கனத்தையும் வீக்கத்தையும் தணிப்பது. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும் அதைக் காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்கு முன் அணிய வேண்டும். நம் ஊர் வெயிலில் அதை நாள் முழுவதும் தாங்கச் சொல்வது எளிதன்று என்பதை வைத்தியர்களும் உணர வேண்டும். முன்னதாகக் கணுக்காலின் தமனி அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். தமனி அடைப்புள்ள காலை இறுக்கினால் விரல்களே அழுகிப்போகும். புகை பிடிப்பவரும் நீரிழிவுள்ளவரும் இதை மறக்கலாகாது. மாத்திரைகள் உளைச்சலை ஓரளவு தணிக்கும். வால்வைச் செப்பனிடும் மாத்திரையோ எண்ணெயோ கிடையாது.

புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால் செய்ய வேண்டியதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நோயாளியை உடனே படுக்கவைத்து, காலை மார்பைவிட உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விரல்களால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். கலவரத்தில் குளியலறையிலிருந்து அறைக்கு நடந்துகொண்டும், நாற்காலியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டும் இருந்து உயிரிழந்தவர்கள் உண்டு. மேலே கயிற்றால் கட்டுவது, சிரையின் அழுத்தத்தைக் கூட்டி இரத்தப்போக்கை அதிகமாக்கிவிடும்.

புண்ணுக்கு வருவோம். இங்கிலாந்தில் 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அழுத்தக் கட்டு மட்டும் போட்டு ஆற்றியவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. கட்டோடு மேற்சிரைக்கு ரண சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் 12 பேருக்கே திரும்பியது. 2018-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 450 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கட்டோடு உடனே சிரையடைப்பும், மற்றவருக்கு முதலில் கட்டு மட்டுமே போட்டுப் பிறகு சிரையடைப்பும் செய்தார்கள். புண் ஆறப் பிடித்த இடைநிலைக் காலம் முதற்பிரிவில் 56 நாள், இரண்டாவதில் 82 நாள். புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம் என்று காத்திருந்த பழைய வழக்கம் சரியன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, உட்கணுக்காலுக்கு மேலே ஒரு புண்ணை மாதக்கணக்கில் துணி சுற்றி மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவர் இருப்பாரானால், கட்டு மாற்றிக்கொண்டிருப்பதோடு நில்லாமல், சிரைகளைப் பார்க்கும் வைத்தியரிடம் அவரை இந்த வாரமே அழைத்துச் சென்று, நிற்கவைத்து டாப்ளர் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.